வலி வருவதற்கு முன்பே முடிவெடுங்கள்!

வீட்டுப் பிரசவம் நமக்குச் சரிப்படுமா? யூடியூபைத் திறந்தால் இதற்கு ஆயிரம் பதில்கள். இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானல் மலையில் மட்டும் சாலையும் மழையும் யானையும் சேர்ந்துதான் பதில் சொல்கின்றன.

விடியும் முன்பே போடிநாயக்கனூரிலிருந்து கிளம்பும் ஜீப்புகள் 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தொட்டதும் கேரளம் தொடங்கிவிடுகிறது. வண்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் தேனி மாவட்டத்துப் பெண்கள். பூப்பாறையைக் கடந்து ஆனையிறங்கல் அணையை ஒட்டிப் போனால் சின்னக்கானல், சூரியநெல்லி. தேயிலைத் தோட்டத்து லயங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ‘குடி’ எனப்படும் காட்டோரக் குடியிருப்புகளில் முதுவான் பழங்குடியினர் இருக்கிறார்கள். 2000களின் தொடக்கத்தில் அரசு நிலம் கொடுத்துக் குடியேற்றிய பழங்குடிக் குடும்பங்களின் 301 காலனியும் இங்கேதான்.

இங்கே ஒரு பெண்ணுக்கு இரவு ஒரு மணிக்கு வலி கண்டால் என்ன செய்வது? மூணாறு 20 கிலோமீட்டருக்கு மேல். அடிமாலி தாலுகா ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து இன்னும் 30 கிலோமீட்டர். கிழக்கே இறங்கினால் போடி. அதையும் தாண்டித்தான் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மழைக்காலத்தில் தேவிகுளம் கேப் ரோட்டில் மண் சரிந்தால் மூணாறு வழி அடைபடும். அரிக்கொம்பன் என்ற காட்டு யானையை 2023 ஏப்ரல் 29-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்ற கொம்பன்கள் அதே பாதையில்தான் நடமாடுகின்றன. இருட்டில் ஜீப்பை எடுக்க டிரைவர் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

நகரத்துப் படித்த தம்பதிக்கு வீட்டுப் பிரசவம் ஒரு விருப்பம். இந்த மலையில் அது நேர்ந்துவிடுகிற ஒன்று. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவதால்தான் இந்த விவாதம் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

99.8 சதவீதத்துக்கு வெளியே

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி கேரளத்தில் 99.8 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. தமிழ்நாட்டில் 99.6. இந்திய சராசரி 88.6. இதே ஆய்வு 2005-06-ல் நடந்தபோது அந்தச் சராசரி 38.7 சதவீதம்தான். பதினைந்தே ஆண்டுகளில் நாட்டின் பிள்ளைப்பேறு வீட்டைவிட்டு ஆஸ்பத்திரிக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

மிச்சமிருக்கும் சொற்பத்தில் இரண்டு ரகம் உண்டு. முதலாவது, விரும்பிச் செய்வது. 2018 ஜூலையில் திருப்பூரில் 28 வயதுப் பள்ளி ஆசிரியை ஒருவர், நண்பர் குடும்பத்தின் யோசனையையும் யூடியூப் காணொளிகளையும் நம்பி வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொண்டார். குழந்தை பிழைத்தது. தாய் ரத்தப்போக்கில் இறந்தார். கணவர் கைதானார். அடுத்த மாதமே, வீட்டில் சுகப்பிரசவத்துக்குப் பயிற்சி என்று விளம்பரம் செய்த ஒருவரைக் கோவையில் போலீஸ் கைது செய்தது. 2025 ஏப்ரலில் மலப்புரத்தில் 35 வயதுப் பெண் ஒருவர் ஐந்தாவது பிரசவத்தை வீட்டில் முடித்து, ரத்தப்போக்கால் உயிரிழந்தார். அங்கும் கணவர்தான் கைது. கேரளத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் பிரசவங்களில் 400 அளவுக்கு வீட்டில் நடப்பதாக அப்போது சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் சொன்னார்.

இரண்டாவது, வேறு வழியில்லாமல் நடப்பது. மூணாறுக்கு அப்பால் உள்ள இடமலைக்குடி, 2010-ல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. முதுவான்களின் குடிகள் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன. நோயாளியையும் கர்ப்பிணியையும் கம்பில் கம்பளி கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு மைல்கணக்கில் நடந்து வரும் செய்தி அங்கிருந்து இன்றும் வருகிறது. சின்னக்கானல் பக்கத்துக் குடிகளுக்கு ரோடு கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் இருட்டும் மழையும் யானையும் சேர்ந்தால் அந்தக் கிட்டமும் தூரமாகிவிடும்.

ரத்தம் தரும் அவகாசம்

திருப்பூரிலும் மலப்புரத்திலும் குழந்தை நல்லபடியாகவே பிறந்தது. உயிரைக் குடித்தது அதற்குப் பின் வந்த ரத்தப்போக்கு. நிறைமாதத்தில் கருப்பைக்கு ஒரு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியேறியதும் கருப்பை கல்லுப்போல் இறுகினால்தான் அந்தக் குழாய்கள் மூடும். இறுகாமல் தொளதொளவென்று கிடந்தால், நஞ்சின் ஒரு துண்டு உள்ளேயே தங்கிவிட்டால், ரத்தம் நிற்காது. ஏற்கெனவே ரத்தசோகை உள்ள பெண் என்றால் அவகாசம் இன்னும் குறைவு.

இதைத் தடுக்கும் மருந்து விலை உயர்ந்ததும் இல்லை, அபூர்வமானதும் இல்லை. குழந்தை பிறந்த உடனே தொடையில் போடும் ஆக்சிடோசின் ஊசி, ரத்தப்போக்கு தொடங்கினால் பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தும் டிரானெக்சாமிக் அமிலம், தேவைப்பட்டால் ரத்தம். ஊசி போடவும், கருப்பை இறுகிவிட்டதா என்று கைவைத்துப் பார்க்கவும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் வேண்டும். காணொளி பார்த்துப் பிரசவம் பார்க்கும் வீட்டில் இல்லாதவை இவைதாம்.

குழந்தைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. நூற்றில் ஐந்து முதல் பத்துக் குழந்தைகளுக்குப் பிறந்ததும் மூச்சுவிட ஏதாவது ஒரு கை உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலும் நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்தாலே போதும். சிலருக்கு மட்டும் முகமூடியும் பையும் வைத்துக் காற்று செலுத்த வேண்டியிருக்கும். அதை முதல் நிமிடத்திலேயே தொடங்கியாக வேண்டும். யாருக்கு அது தேவைப்படும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்த மருத்துவர் உலகில் எங்கும் இல்லை.

“எங்க பாட்டி பத்துப் பெத்தா...”

வீட்டுப் பிரசவப் பேச்சு எழும் எந்த வீட்டிலும் இந்த வாக்கியம் தப்பாமல் வரும். பாட்டி பத்துப் பெற்றது உண்மை. பத்தில் எத்தனை தங்கியது என்று அந்தப் பாட்டியிடமே கேட்டிருந்தால் கணக்கு வேறாக இருக்கும். 1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-ல் அது 28. கேரளத்தில் 6. பேறுகாலத்தில் இறக்கும் தாய்மாரின் கணக்கும் அப்படியே. 2018-20 காலத்தில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள்; தமிழ்நாட்டில் 54; கேரளத்தில் 19.

அந்தக் காலத்து மருத்துவச்சியின் கைத்திறனைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. குந்தி உட்காரவைத்து, முதுகைத் தேய்த்து, வெந்நீரும் தைரியமும் கொடுத்துப் பிள்ளையை ஏந்தியவள் அவள். இயல்பாக நடக்கும் பிரசவத்துக்கு அந்தப் பொறுமையே பெரிய மருந்து. பிரசவம் தடம் மாறும்போதுதான் அவள் கையில் ஒன்றும் இல்லாமல் போனது.

இங்கிலாந்தில் செய்கிறார்களே?

செய்கிறார்கள். நெதர்லாந்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தை வீட்டில் பிறந்தது. பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இங்கிலாந்தில் ஆபத்துக் குறைவான 64,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2011-ல் வெளியானது. இரண்டாவது, மூன்றாவது பிரசவமாக இருந்தால் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குழந்தையின் நலத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தலைப்பிரசவம் என்றால் கதை மாறியது. குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு 5.3, வீட்டில் 9.3. வீட்டில் தொடங்கிய தலைப்பிரசவங்களில் 45 சதவீதம் பிரசவத்தின் பாதியிலோ முடிந்த உடனேயோ ஆஸ்பத்திரிக்கு மாற்றப்பட்டன.

அந்த வீடு எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டம் பெற்ற மிட்வைஃப் ஆக்சிடோசினும் ஆக்சிஜனும் எடுத்துக்கொண்டு வீடு தேடி வருகிறார். இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை, முந்தைய சிசேரியன், ரத்தக்கொதிப்பு உள்ள பெண்கள் ஆபத்துக் குறைந்தவர்களின் பட்டியலிலேயே சேர்வதில்லை. ஆம்புலன்ஸ் கூப்பிட்டால் வந்துவிடும். மாற்றி அனுப்பப்பட்ட பெண்ணை “ஏன் வீட்டில் பார்த்தாய்?” என்று ஆஸ்பத்திரியில் யாரும் ஏசுவதில்லை. வீட்டுப் பிரசவத்தை அங்கே தாங்கிப் பிடிப்பது அரசாங்கத்தின் ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு வீட்டை மட்டும் நாம் இறக்குமதி செய்துகொள்கிறோம்.

நம் நாட்டிலேயே கற்க வேண்டிய பாடம் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் இருக்கிறது. மருத்துவத் தம்பதி அபய் பங், ராணி பங் இருவரும், ஆஸ்பத்திரி எட்டாத கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்கே பச்சிளம் குழந்தை பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார்கள். பச்சிளம் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்தது என்று 1999-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஆஷா பணியாளர்கள் இன்று வீடு வீடாகப் போய்ப் பிறந்த குழந்தையைப் பார்ப்பதற்கு வேர் அங்கேதான். வீட்டில் பிறக்கும் குழந்தைகளைப் பங் தம்பதி விதியிடம் விட்டுவிடவில்லை. வீட்டுக்கே திறமையைக் கொண்டுபோனார்கள்.

பெண்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு அஞ்சுகிறார்கள்?

வீட்டுப் பிரசவத்தைத் தேடுகிறவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவர்கள் எதைக் கண்டு ஓடுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அதே 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதக் குழந்தைகள் சிசேரியனில் பிறந்தார்கள். தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8 சதவீதம். கேரளத்தில் 38.9. உலக சுகாதார நிறுவனம் 1985-லேயே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் போகக் காரணமில்லை என்று சொல்லியிருந்தது. “போனாலே கத்திதான்” என்ற பயம் காற்றிலிருந்து வந்ததில்லை.

கத்திக்கு அடுத்தது வாய். வலியில் கத்தினால் அதட்டல், மல்லாக்கப் படுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம், அம்மாவையோ கணவனையோ பக்கத்தில் விடாத கதவு. எழுத்தறிவுள்ள பெண்ணுக்கே இது கசக்கும் என்றால், குடியிலிருந்து முதல்முறையாக மலையிறங்கி வந்த முதுவான் பெண்ணுக்கு எப்படி இருக்கும்? அவர்கள் வழக்கத்தில் பேறுகாலத்துக்கென்றே தனிக் குடில் உண்டு. அதில் பெண்களுக்கு மட்டுமே இடம். அந்த வழக்கத்திலிருந்து வருகிறவளை, ஆண்கள் வந்துபோகும் அறையில், மொழி புரியாத இடத்தில் தனியாகப் படுக்கவைத்தால், அடுத்த பிரசவத்துக்கு அவள் குடியைவிட்டு நகர மாட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களையும் நகரவிட மாட்டாள்.

தீர்வுகள் தெரியாதவை இல்லை. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழக அரசு ஆஸ்பத்திரிகள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கின. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், விரும்பிய துணை, விரும்பிய நிலையில் பிரசவம், மரியாதையான நடத்தை எல்லாவற்றையும் சிகிச்சையின் பகுதியாகவே சொல்கிறது. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த ‘லக்‌ஷ்யா’ திட்டம் பிரசவ அறைகளுக்குத் தரச்சான்று தருகிறது. 2018 டிசம்பரில் மிட்வைஃப்களுக்கான தேசிய வழிகாட்டுதலும் வந்தது. காகிதத்தில் இருப்பது கட்டிலுக்கு வந்துசேர வேண்டும்.

மூன்று தாமதங்கள், ஒரு தாய்வீடு

பேறுகால மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994-ல் மூன்று தாமதங்களை வகுத்துச் சொன்னார்கள். போகலாமா என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். சின்னக்கானலில் முதல் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. பொழுது விடியட்டும் என்று காத்திருப்பதும் யானை விலகட்டும் என்று காத்திருப்பதும் ஒரே காத்திருப்பாகிவிடுகிறது. வலி வந்தபின் எடுக்கும் எந்த முடிவும் இந்த மலையில் பிந்திய முடிவுதான்.

இதற்குத் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு பழைய விடை இருக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் லயத்திலிருந்து போடிக்கோ தேனிக்கோ கம்பத்துக்கோ இறங்கும் பெண், சடங்கு என்ற பெயரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் போய்விடுகிறாள். கவனித்துக்கொள்ள அம்மா இருக்கிறாள். ஆட்டோ வாசலுக்கு வரும். வழியில் யானை இல்லை.

சிக்கல் இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில்தான் வருகிறது. வேலையை விட முடியாது, மூத்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், “போன தடவை சுலபமாத்தானே ஆச்சு” என்ற தைரியம். முன்பு சுலபமாகப் பிறந்தது இம்முறை ரத்தம் போகாது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. மலப்புரத்தில் இறந்தவருக்கு அது ஐந்தாவது பிரசவம்.

முதுவான் பெண்ணுக்குச் சமவெளியில் தாய்வீடு கிடையாது. அவளுக்குத் தாய்வீடாக அரசுதான் இருக்க வேண்டும். தமிழக மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறைகள் உண்டு. தேதிக்குச் சில வாரங்களுக்கு முன்பே வந்து தங்கலாம்; சாப்பாடு உண்டு; துணைக்கு ஓர் ஆளும் இருக்கலாம். இடுக்கி மலைக்கு இது இன்னும் அவசியம். கூடவே, முதுவான்களின் பேச்சு தெரிந்த ஒரு பெண், பெண் மருத்துவர், அவர்கள் சமைத்துச் சாப்பிட ஓர் அடுப்பு. இவை இருந்தால் அழைப்பதற்கு ஆஷா பணியாளர் கெஞ்ச வேண்டியிருக்காது.

பணத்துக்கும் வழி இருக்கிறது. 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தின்படி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் இலவசம். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அதில் அடக்கம். தோட்டத் தொழிலாளிக்கு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளத்துடன் பேறுகால விடுப்பும் 2017 சட்டத் திருத்தத்தால் வந்த உரிமை. அதில் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம்.

பெட்டிச் செய்தி: ஏழாம் மாதத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

1. ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு? 11-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. 7-க்குக் கீழ் என்றால் கடுமையானது.

2. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, முந்தைய சிசேரியன், முன்பு அதிக ரத்தப்போக்கு, இவற்றில் ஏதாவது உண்டா? இரட்டைக் குழந்தையா? தலை கீழே இருக்கிறதா? நஞ்சு கருப்பை வாயை மறைத்திருக்கிறதா? ஒன்றுக்கு விடை பாதகமாக இருந்தாலும் வீடு என்ற பேச்சே வேண்டாம்.

3. சிசேரியனும் ரத்தமும் கிடைக்கும் ஆஸ்பத்திரிக்கு நம் வீட்டிலிருந்து இரவில், மழையில் எத்தனை மணி நேரம்?

4. வண்டி யாருடையது? அவர் நம்பர் கையில் இருக்கிறதா? 108-ஐக் கூப்பிட போன் சிக்னல் எங்கே கிடைக்கும்?

5. தேதிக்கு இரண்டு வாரம் முன்பே தங்க, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் யார் வீடு?

6. கணவர் இல்லாத நேரத்தில் “கிளம்பு” என்று சொல்லும் அதிகாரம் வீட்டில் யாருக்கு?

வழியிலேயே பிறந்துவிட்டால்: 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தையைத் துடைத்துத் தாயின் வெறும் மார்பில் படுக்கவைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். கொடியை இழுக்காதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். உதவி வரும்வரை கொடியை வெட்ட அவசரம் இல்லை. பால் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் கருப்பையை இறுகவைக்கும். எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்யுங்கள்.

நம் தீர்ப்பு

பயிற்சி பெற்ற மிட்வைஃப் வீட்டுக்கு வரும் ஏற்பாடும், கூப்பிட்டால் வரும் வண்டியும், அருகிலேயே அறுவை அரங்கும் இருக்கும் நாளில் வீட்டுப் பிரசவத்தைப் பற்றி நாம் வேறு விதமாகப் பேசலாம். இன்று இந்த மூன்றும் சென்னையிலேயே கைகூடுவதில்லை. சின்னக்கானலில் கேட்கவே வேண்டாம். அதனால் கர்ப்பிணிகளுக்கும் குடும்பத்தாருக்கும் நாம் சொல்வது ஒன்றுதான்: ஒன்பதாம் மாதம் முடியும் முன் மலையிறங்கி விடுங்கள். ஆஸ்பத்திரிகளுக்கு இன்னொன்று: இறங்கி வருகிற பெண்ணிடம் அன்பாக ஒரு வார்த்தை பேசுங்கள், துணைக்கு வந்தவளை உள்ளே விடுங்கள், தேவையில்லாமல் கத்தியை எடுக்காதீர்கள். கேரள அரசுக்கும் ஒரு கோரிக்கை: அடுத்த மழைக்காலத்துக்கு முன் சின்னக்கானல், இடமலைக்குடிப் பெண்களுக்காகப் பிரசவக் காத்திருப்பு இல்லம் ஒன்றைத் திறந்துவையுங்கள்.